நாலு நொடி நிதானம்

அத்தியாயம் 7

செத்தவள் தினமும் மூன்று பத்துக்கு வருவாள் என்று மேலாளர் சொன்னபோது மணி இரண்டே கால்.

"நேரம் தவறாத பேய்," என்றார் ஜெராக்ஸ். "ஆபீஸ்ல வேலை பார்த்த பேய்தான், சந்தேகமே வேணாம்."

கொக்கி சிரிக்கவில்லை. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் கேள்வி போடுவாள், போட்ட கேள்வியை மாட்டிய இடத்திலிருந்து எடுக்க மாட்டாள், அதனால் கொக்கி. கம்ப்யூட்டருக்குள் நடக்கும் கோல்மால்களைத் துப்பறிவது தொழில். ஜெராக்ஸ் அவளுடைய உதவியாளர். கல்லூரி வாசலில் நகல் கடை வைத்திருந்தவர். அவள் வாங்க வழியில்லாத புத்தகங்களை முழுசாக நகலெடுத்துக் கொடுத்து அவளைப் படிக்க வைத்தவர். கடை படுத்ததும், "நீ படிச்சதுல பாதி என் மெஷின் சூடு. எனக்கொரு வேலை போட்டுக் கொடு," என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறை சுத்தமாக இருந்தது. அதிகச் சுத்தம். மேஜையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"எங்க கம்பெனி லிப்டுக்குப் புரோகிராம் எழுதுது. கதவு எப்போ திறக்கணும், எத்தனை செகண்டு காத்திருக்கணும், எல்லாம் நாங்கதான். அந்தப் பொண்ணு அஞ்சு வருஷம் இங்கே இருந்தா. எதைக் கேட்டாலும் 'நிதானமா சார்'ம்பா. அதனால எல்லாரும் நிதானம்னே கூப்பிடுவோம். காய்ச்சல்ல படுத்தா, அஞ்சாம் நாள் போயிட்டா. இன்னியோட அஞ்சு வாரம்."

"விபத்து?"

"மூணு வாரம் முன்னாடி. ஒரு அடுக்குமாடியில லிப்ட் கதவு சட்டுனு மூடி, ஒரு கூரியர்காரருக்கு ரெண்டு விரல் போச்சு. அந்தக் கதவுல ஆளைக் கண்டுபிடிக்கிற கண்ணு அழுக்கேறிக் கெட்டுப்போயிருந்தது. அப்பவும் கதவு நாலு செகண்டு காத்திருந்தா தப்பிச்சிருப்பார். ஒன்றரை செகண்டுல மூடிடுச்சு. யார் மாத்தினதுன்னு ரெப்போவைப் பார்த்தோம். நிதானம் பேரு இருக்கு."

"அப்புறம்?"

"அன்னியிலேர்ந்து தினம் மூணு பத்துக்கு ரெப்போவுல அவ பேர்ல புதுப் பதிவு விழுது. நான் சாயந்திரம் துடைக்கிறேன். மறுநாள் மறுபடி வருது. தலைமை அலுவலகம் பயந்துபோய் உங்களை அனுப்பிடுச்சு. யாரோ அவ பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்க. அதை மட்டும் அடைச்சிட்டுப் போயிடுங்க. நாலு மணிக்கு அவ அக்கா வந்து கையெழுத்துப் போட்டதும் ஃபைலை மூடிடுவோம்."

"எதுல கையெழுத்து?"

மேலாளர் ஒரு படிவத்தை நகர்த்தினார். தன் தங்கை செய்த மாற்றமே விபத்துக்குக் காரணம் என்பது குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது, குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு.

"திறமைசாலிதான், இல்லேங்கல," என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "ஆனா வீட்டுல முதல் பட்டதாரி. அந்த மாதிரி வர்றவங்களுக்கு அடித்தளம் கொஞ்சம் ஆட்டமாத்தான் இருக்கும். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

கொக்கியின் வீட்டில் முதன்முதலாகக் கட்டைவிரலுக்குப் பதில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டவள் கொக்கிதான். தப்பாக எடுத்துக்கொண்டாள். எடுத்து, மடித்து, உள்ளே வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கண் இமைப்பது நின்றுவிடும். ஜெராக்ஸுக்கு அது தெரியும். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கதவு சம்பந்தப்பட்ட பதிவுகளை ஒரு பிரிண்ட் கொடுங்க."

கொடுத்தார். மூன்றே வரி. பழைய வரிகள் இரண்டு, யாருக்கும் தீங்கில்லாதவை. மூன்றாவது, ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியில், நிதானத்தின் பெயரில். தலைப்பு இப்படி இருந்தது: ரிவர்ட், ரிவர்ட், கதவு நேரம் குறைப்பு.

ஜெராக்ஸ் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம் இது, பேய் திக்குது?"

கொக்கி தாளை மடித்துப் பையில் வைத்தாள். கண் இன்னும் இமைக்கவில்லை.

*

நடைபாதையில் ஈரக் காற்று. வெளியே பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. நாலாம் மாடி முழுக்க வரிசையாக மேஜைகள், தலைகள் குனிந்திருந்தன. ஒரு மேஜையைச் சுற்றி மட்டும் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் கைபிடி உடைந்த ஒரு தேநீர்க் கோப்பை. ஐந்து வாரமாக அதை யாரும் கழுவவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"இந்த ரெப்போன்னா என்ன, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் ஜெராக்ஸ்.

"எல்லாரும் சேர்ந்து எழுதுற ஒரே நோட்டுண்ணே. யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு அதுவே குறிச்சு வெச்சுக்கும். ஒரு மாற்றம் தப்புன்னு தெரிஞ்சா சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, அந்த வரியை அடிச்சிட்டுப் பக்கத்துலயே 'இதைத் திரும்ப எடுத்தேன்'னு எழுதறது. அதுக்குப் பேரு ரிவர்ட். அடிச்சதும் தெரியும், அடிச்சது யாருன்னும் தெரியும். அப்படி எழுதும்போது தலைப்பை மெஷினே போட்டுக்கும்: ரிவர்ட், இன்ன மாற்றம்னு."

"இன்னொரு வழி?"

"பக்கத்தைக் கிழிக்கிறது. நாலு பேர் எழுதுற நோட்டுல யாரும் கிழிக்கக் கூடாது."

"சரி. பேய் எதுக்கு ரெண்டு தடவை ரிவர்ட்ங்குது?"

"அதான் கேள்வி. ஒரு தடவைன்னா மாற்றத்தைப் பிரிச்சது. ரெண்டு தடவைன்னா, பிரிச்சதையே பிரிச்சு, மாற்றத்தைப் பழையபடி கொண்டுவந்தது. அப்போ இதுக்கு முன்னாடி ரெண்டு வரி இருந்திருக்கணும். ஒருத்தர் குறைச்ச வரி. ஒருத்தர் அதைப் பிரிச்ச வரி. இந்தத் தாள்ல ரெண்டுமே இல்லை."

ஜெராக்ஸ் தாடையைச் சொறிந்தார். "கல்யாணமே ஆகாதவங்களுக்கு ரெண்டாவது விவாகரத்துப் பத்திரம்."

"கிட்டத்தட்ட."

அப்போது லிப்ட் வந்து நின்றது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. சட்டென்று மூடிக்கொண்டது. அருகில் இருந்த ஒரு பெண் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது அப்படித்தான். சும்மா இருக்கும்போதெல்லாம் நாலாம் மாடிக்கு வந்துடும். நிதானம் மேம் எழுதி வெச்சது. இது எங்க சோதனை லிப்டு, கதவுல ஆளைப் பார்க்கிற கண்ணுகூடக் கிடையாது, ரெப்போவுல எது கடைசியா இருக்கோ அதைத்தான் ஓட்டும். பழகிடும்."

பழகியவளின் முகமாக அது இல்லை.

லிப்ட் கீழே போய் மறுபடி வந்தது. இந்த முறை உள்ளே ஆள். நாற்பதைத் தொட்ட ஒரு பெண், இடது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வெளியே வர முயன்றாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே இருக்கும்போதே கதவு பாய்ந்து வந்து அவள் தோளில் இடித்தது. கொக்கி தன் செருப்புக் காலை நடுவில் நுழைத்து நிறுத்தினாள்.

"விடும்மா, எனக்குப் பழக்கம்தான்," என்றாள் அவள், தோளைத் தேய்த்தபடி. "முன்னே இந்த லிப்டு இப்படி இல்லை. மரியாதையா இருந்துச்சு."

கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல்காரி. நிதானத்தின் அக்கா.

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். ஜெராக்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடிக்கவில்லை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மணிக்குத்தானே வரச் சொன்னாங்க. மூணுக்கே வந்துட்டேன். படியேறணும்னா நேரம் வேணுமேன்னு. அப்புறம் லிப்டுலயே வந்துட்டேன்." கொக்கியை நிமிர்ந்து பார்த்தாள். "அவ தப்பு பண்ணியிருப்பாளாம்மா? நீ படிச்சவ. சொல்லு. பண்ணியிருந்தா பண்ணியிருக்கான்னு போட்டுட்டுப் போறேன். பொய்யா மட்டும் போட மாட்டேன். நான் தைச்ச துணியில படிச்சவ அவ. அந்தப் பேரை நானே கோடு போட்டுக் கெடுக்க முடியாது."

"இன்னும் தெரியலக்கா. நாலு மணிக்குள்ள தெரிஞ்சுடும்." கொக்கியின் பார்வை நாடாவின் நுனியில் நின்றது. "இது என்ன, ஏழுலேர்ந்து ஆரம்பிக்குது?"

தையல்காரி முதல் முறையாகச் சிரித்தாள். "அந்தப் பாவி பண்ண வேலை. ஆபீஸ்ல லேப்டாப் கொடுத்த அன்னிக்கு, 'எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கு, அடையாளம் வேணும்'னு நாடாவுல ஆறு இன்ச் வெட்டி அதுல ஒட்டிக்கிட்டா. அன்னியிலேர்ந்து யாருக்கு அளவு எடுத்தாலும் ஆறைக் கழிச்சுக்கிட்டிருக்கேன். புது நாடா வாங்கு வாங்குன்னுவா. எனக்குக் கழிக்கிறதே பழகிப்போச்சு."

"இங்கே முன்னாடி வந்திருக்கீங்களா?"

"ஒரே தடவை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல கூட்டிட்டு வந்தா. இந்த லிப்டுல ஏறு, இறங்கு, ஏறு, இறங்குன்னு அஞ்சு தடவை. கையில போனை வெச்சுக்கிட்டு என் காலையே பார்த்துட்டிருந்தா. அவசரத் துணியெல்லாம் கிடக்கு, உனக்கென்ன கிறுக்கான்னு திட்டினேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "நல்லாத் திட்டிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

*

"அண்ணே, நீங்க உருப்படியா ஒரு வேலை பண்ணணும்," என்றாள் கொக்கி. "இப்போ ஒரு பிரிண்ட். மூணு பன்னிரண்டுக்கு ஒரு பிரிண்ட். ரெண்டும் ரெப்போவோட கதவுப் பட்டியல்."

"முப்பது வருஷ அனுபவத்துக்கு ஏத்த வேலை."

ஜெராக்ஸ் பிரிண்டர் பக்கம் போனார். கொக்கி நடந்தாள். வேகமாக இல்லை, சந்தையில் காய் பார்ப்பவள் போல மேஜை மேஜையாக. எல்லோருடைய லேப்டாப்பும் ஒரே சாம்பல் நிறம். ஒன்பதாவது மேஜையில் இருந்ததன் மூடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரை.

அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள், சற்று முன் லிப்டைப் பற்றிச் சொன்ன அதே பெண். கழுத்து அட்டையில் 'பயிற்சி' என்று இருந்தது. மாடி முழுக்க அவளுக்குப் புதுசு என்று பெயர். சேர்ந்து இரண்டு மாதம்.

"இது உன் லேப்டாப்பா?"

"எனக்கு வர வேண்டியது இன்னும் வரலை மேடம். நிதானம் மேம் தன்னுடையதுல உட்கார்ந்து கத்துக்கோன்னு விட்டாங்க. அப்புறம்..."

"உன் வேலையை ரெப்போவுல எப்போ ஏத்துவே?"

"சாப்பிட்டு வந்து சரிபார்த்துட்டு. மூணு, மூணே கால்." குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் தினமும் ஏத்துறது மறுநாள் காலையில அங்கே இருக்க மாட்டேங்குது. எனக்குத்தான் ஒழுங்கா ஏத்தத் தெரியலையோன்னு, நேத்து வரைக்கும் உள்ளதோட சேர்த்துத் திரும்பத் திரும்ப ஏத்துறேன். கேட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களோன்னு கேட்கலை."

"இப்போ ஏத்து."

புதுசு விசையைத் தட்டினாள். மணி மூன்று பத்து.

எங்கும் எதுவும் அசையவில்லை. மழை மட்டும் பலத்தது. லிப்ட் நாலாம் மாடிக்கு வந்து, திறந்து, மூடிக்கொண்டது. ஜெராக்ஸ் இரண்டு தாள்களோடு ஓடிவந்து ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். மழை வெளிச்சத்தில் எழுத்துகள் ஊடுருவித் தெரிந்தன.

"மேல இருக்குறதுல கூடுதலா வரி இருக்கு மேடம். இன்னிக்கு மூணு பத்துக்கு ஏத்தினது, நிதானம் பேர்லயே விழுந்திருக்கு. அதுக்கும் கீழே, ஆறு வாரப் பழசு ரெண்டு. முளைச்சு வந்திருக்கு. செத்தவங்க தனியா வரலை, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. யாருன்னு படிங்க."

கொக்கி படித்தாள். கதவு நேரம் குறைப்பு, நாலிலிருந்து ஒன்றரை: மேலாளர். மறுநாள் மதியம், ரிவர்ட், கதவு நேரம் குறைப்பு: நிதானம்.

"கிழிச்ச பக்கம் எப்படி மேடம் திரும்ப வருது?"

"இந்த நோட்டுக்கு ஒரு குணம்ணே. எழுதுற ஒவ்வொருத்தர்கிட்டயும் முழு நோட்டோட நகல் இருக்கும். மேலாளர் பொது நோட்டுலதான் கிழிச்சார். இந்த லேப்டாப்ல இருக்கிற நகல்ல கிழியலை. இவ தினமும் தன் வேலையை ஏத்தும்போது, கிழிச்ச பக்கமும் சேர்ந்து மேலே போயிடுது. இவளுக்கே தெரியாது. இவ சொந்தப் பேரை இதுல பதியலை, அதனால இவ எழுதினதும் நிதானம் பேர்ல விழுது. பாஸ்வேர்டை யாரும் திருடலை."

ஜெராக்ஸ் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஆளாளுக்கு ஒரு ஜெராக்ஸ். இதைக் கண்டுபிடிச்ச மகராசன் எவனோ, நல்லா இருக்கட்டும்."

*

மேலாளர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"கட்டடக்காரங்க லிப்டு தாமதம் தாமதம்னு உயிரை எடுத்தாங்க. ஒரு எண்ணைத்தான் குறைச்சேன்."

"குறைச்சதை நான் கேட்கலை. கிழிச்சதைக் கேட்கிறேன். உங்க பேர் இருந்த வரியைக் கிழிச்சீங்க, அவ பிரிச்ச வரியைக் கிழிச்சீங்க. மூணாவது வரியில அவ பேர் இருந்ததால அதை மட்டும் வெச்சீங்க. தலைப்புல ரெண்டு ரிவர்ட் இருந்ததைக் கவனிக்கலை." கொக்கி குனிந்தாள். "அடித்தளம் கொஞ்சம் ஆட்டம்."

தையல்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் புதுசு. நேரம் மூன்று நாற்பது.

மேலாளர் நிமிர்ந்தார். முகத்தில் புதிதாக ஒரு தெம்பு.

"சரி. குறைச்சது நான். மறுநாள் அவ பிரிச்சுட்டா, ஒத்துக்கிறேன். அப்போ லிப்டு நாலு செகண்டுக்கு வந்தாச்சு. அன்னிக்கே அதைத் திரும்பவும் ஒன்றரைக்குக் கொண்டுபோனது யாரு? அந்த மூணாவது வரியை நான் எழுதலை. உங்க கையில இருக்குற தாள்லயே அவ பேருதான் இருக்கு. விரல் போனது என் வரியால இல்லை. அவ வரியால. என்னை என்ன வேணும்னாலும் எழுதுங்க. படிவம் அப்படியேதான் இருக்கும்."

தையல்காரி மெதுவாக உள்ளே வந்து, மேஜையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

கொக்கி தாளை மறுபடி பார்த்தாள். இரண்டாவது வரி, நிதானம் காய்ச்சலில் படுத்த நாளின் மதியம் ஒன்று ஐம்பது. மூன்றாவது வரி, இரண்டு நாற்பது. ஐம்பது நிமிஷத்தில் ஒருத்தி தன் மனசை மாற்றிக்கொள்வாளா? அதுவும் நிதானம் என்று பெயர் வாங்கியவள்?

"அக்கா, காய்ச்சல்ல படுத்த அன்னிக்கு லேப்டாப் வீட்டுல இருந்துச்சா?"

"இல்லம்மா. ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டா. எங்க வீட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கிடக்கு. மத்தியானம் எழுந்து போய் அதுல என்னமோ தட்டினா. உடம்பு கொதிக்குது. 'ஒரே ஒரு வேலைக்கா, முடிச்சிட்டுத் தூங்கிடறேன்'னா. முடிச்சா. ரெண்டு மணிக்கெல்லாம் நான் பக்கத்துல உட்கார்ந்து தூங்க வெச்சுட்டேன். ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கலை."

ரெண்டு மணிக்குத் தூங்கியவள் இரண்டு நாற்பதுக்கு எழுதவில்லை. அந்த நேரத்தில் அவள் பெயரைத் தாங்கிய லேப்டாப் இந்த மாடியில் இருந்தது. அதன் முன்னால் ஒருத்தி இருந்தாள்.

கொக்கி திரும்பினாள். புதுசின் முகம் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது.

"அவங்க சொன்னதைத்தான் மேடம் பண்ணேன்."

போனை நீட்டினாள். ஜெராக்ஸ் வாங்கிப் படித்தார். மதியம் ஒன்றரைக்கு நிதானத்திடமிருந்து வந்தது: *கதவு மாற்றத்தைத் திரும்ப எடு. உடனே.*

"நான் சாப்பிடப் போயிருந்தேன். ரெண்டரைக்குத்தான் பார்த்தேன். ரெப்போவைத் திறந்து பார்த்தா அந்த மாற்றமே அங்கே இல்லை. இல்லாததை எப்படி எடுக்க முடியும்? அப்போ... திரும்ப எடுன்னா மறுபடியும் எடு, மறுபடியும் கொண்டு வாங்கிறாங்கன்னு நினைச்சேன். பிரிச்சதைப் பிரிச்சு, கொண்டுவந்துட்டேன்."

பேயென்றால் பயமில்லாதவள் கொக்கி. இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தாள். திரும்ப. பிள்ளைப் பருவத்திலிருந்து தினம் நூறு தடவை வாயில் வருவது. திரும்பக் கொடு என்றால் பின்னுக்கு. திரும்பச் சொல் என்றால் மறுபடிக்கு. பதில் வராததால் நிதானம் காத்திருக்க முடியாமல் தானே எழுந்துபோய்ப் பிரித்திருக்கிறாள். அவள் பிரித்துவிட்டதாலேயே, அவள் அனுப்பிய சொல் அர்த்தம் மாறிவிட்டது.

"அப்புறம் பதில் போட்டியா?"

ஜெராக்ஸ் விரலால் கீழே தள்ளினார். "ரெண்டு நாற்பத்தொண்ணு. இந்தப் பொண்ணு: 'எடுத்துட்டேன் மேம்.' ராத்திரி எட்டு மணிக்கு அவங்க: 'நல்லது. இப்பதான் நிம்மதி.'" அதன்பின் அந்தத் திரையில் எதுவும் இல்லை.

புதுசு தையல்காரியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். "விபத்துன்னு கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. சொல்ல வாய் வரலை. தினமும் அவங்க நாற்காலியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். லிப்டு வந்து திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கேட்க வர்றாங்கன்னு இருக்கும்."

தையல்காரி அவளிடம் போக நேரம் பிடித்தது. காலை இழுத்து, மேஜையைச் சுற்றி, மெதுவாக. யாரும் உதவவில்லை, உதவ விட மாட்டாள் என்று தெரிந்தது.

"கடையில நான் 'கையைத் திரும்பத் தை'ன்னு சொன்னா, பழசைப் பிரிக்காம மேலேயே ஒண்ணு தைச்சுட்டு வந்து நிக்கிற பொண்ணுங்க எத்தனை பேரு," என்றாள். "திட்டுவேன். நல்லாவே திட்டுவேன். அடுத்த நாள் வரச் சொல்லுவேன்."

புதுசு அப்போதுதான் அழுதாள்.

தையல்காரி படிவத்தை எடுத்துக் கிழிக்கப் போனாள். கொக்கி கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதீங்கக்கா. கிழிக்கிறது இவங்க பழக்கம். குறுக்கே ஒரு கோடு போடுங்க. பக்கத்துல 'இது பொய்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொய்யும் தெரியட்டும், மறுத்ததும் தெரியட்டும்."

அவள் அப்படியே செய்தாள். கோடு, துணியில் சாக்பீஸ் இழுத்த மாதிரி நேராக விழுந்தது.

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தலைமை அலுவலகத்துக்கு நகல் போயாச்சு சார்," என்றார் ஜெராக்ஸ். "ஒண்ணில்லை. நாலு. பழக்கதோஷம்."

*

"முதல்ல உன் சொந்தப் பேரைப் பதி," என்றாள் கொக்கி.

புதுசு லேப்டாப்பில் நிதானத்தின் பெயரிருந்த இடத்தில் தன் பெயரைத் தட்டினாள். "என் பேரும் அறிக்கையில வருமா மேடம்?"

"வரும். குறைச்சவர் பேரு, பிரிச்சவ பேரு, தப்பாப் புரிஞ்சுக்கிட்டவ பேரு, மூணும் வரும். எதையும் துடைக்கப் போறதில்லை. இப்போ மூணாவது வரியை ரிவர்ட் பண்ணு. கிழிக்காம, நேர்மையா."

புதுசு தட்டினாள். திரையில் ஒன்றரை இருந்த வரி அடிபட்டு, அதன் கீழே பழைய வரி பச்சையாக எழுந்தது. மேலாளர் எண்ணை மட்டும் குறைக்கவில்லை, வரியையே வழித்திருந்தார். இப்போது முழுசாகத் திரும்பி வந்தது. நாலு என்ற எண். அதன் பக்கத்தில், புரோகிராமுக்குத் தேவையே இல்லாத, மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் எழுதிவைக்கும் குறிப்பு:

*அக்கா அளவு. குறைக்காதே.*

ஜெராக்ஸ் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல்காரி திரையருகே குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. கை தானாகப் போய்க் கழுத்து நாடாவைப் பிடித்தது.

"அஞ்சு தடவை ஏறி இறங்கச் சொன்னாளே," என்றாள். "அளவு எடுத்திருக்கா."

பேனாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் லிப்டை நோக்கி நடந்தாள். கொக்கி இரண்டடி பின்னால் போனாள். சோதனை லிப்ட் புது வரியை எடுத்துக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும் என்று புதுசு சொல்லியிருந்தாள். எடுத்துக்கொண்டதா இல்லையா என்று இருவருக்கும் தெரியாது.

பொத்தானை யாரும் அழுத்தவில்லை. லிப்ட் வந்தது. கதவு திறந்தது.

தையல்காரி வலது காலை உள்ளே வைத்தாள். கொக்கி செருப்புக் காலை நுழைக்கத் தயாராக நீட்டி, மனசுக்குள் எண்ணினாள். ஒன்று. இடது கால் தரையில் இழுபட்டது. இரண்டு. கை கம்பியைப் பிடித்தது. மூன்று. இடது கால் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, வலது காலுக்குப் பக்கத்தில் நின்றது. நாலு.

அதற்குப் பிறகுதான் கதவு மூடியது.